பழைய பவுடரில் ஒரு பல்

“புது டின்னைத் தொட்டே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!” என்று கத்தினார் அருள்பிரகாசம்.

“இப்போ மட்டும் இன்னாவாம்?” என்று மலர்க்கொடி முணுமுணுத்தது அவருக்கு நன்றாகவே கேட்டது.

காலடிப்பேட்டையில் அவர் நடத்தியது பல்லுக்கு கேப் செய்யும் பட்டறை. உலோகப் பவுடரை மெல்லிசாகப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக கேப்பை எழுப்பும் வெளிநாட்டு மெஷின். அதை ஓட்டுபவள் மலர்க்கொடி. உருகாமல் மிஞ்சும் பவுடரைச் சலித்து மறுபடி போடலாம், தப்பில்லை. ஆனால் இந்த மகராசன் புதுசு ஒரு பிடி கூடக் கலக்காமல் மாசக்கணக்கில் அதையே ஓட்டிக்கொண்டிருந்தார்.

“சூடு பட்டுப் பட்டு செத்துப்போன பவுடரு சார். கட்டி கட்டியா கீது. ராயபுரம் டாக்டரு கேட்ட கேப்பு இதுல வராது.”

“சலி. வரும்.”

சலித்தாள். வலை அடைத்துக்கொண்டது.

“நகரு, எனக்குத் தெரியும்” என்று அவரே சல்லடையை ஓங்கித் தட்டினார். வலை கிழிந்து கட்டிகளும் சேர்ந்து விழுந்தன. அப்படியே மெஷினில் கொட்டினார். கேப் சொரசொரவென்று வந்தது. தேய்த்தார். ஓட்டை விழுந்தது. ஓட்டையைப் பற்றவைத்தார். பொட்டுக்கடலை மாதிரி ஒரு மேடு எழும்பியது.

“சூப்பர்! அனுப்பு.”

“இத்த மாட்டிக்கினு சோறு துன்ன முடியுமா சார்? நான் குடுக்க மாட்டேன்.”

“யாரோ ஒருத்தர் வாய். உனக்கு இன்னா பேஜாரு?”

“யாரா இருந்தா இன்னா? வாய் வாய்தான். எல்லாருக்கும் புதுசு கலந்து போடுங்க.”

“அப்போ வேலைய வுட்டுட்டுப் போ!”

இந்த வேலை போனால் அடுத்தது எங்கே என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கையுறையைக் கழற்றி மேஜையில் அடித்தாள்.

“போறேன். அவ்ளோ நம்பிக்கைன்னா, நீங்களே உங்க கையால குடுங்க.”

அந்த நேரம் பார்த்து டாக்டரின் உதவியாளர் தாஹிரா உள்ளே வந்தாள்.

“முதல் தரம்மா, என் சொந்த கேரண்டி!” என்று அருள்பிரகாசம் கேப்பை நீட்டினார்.

தாஹிரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலர்க்கொடி பக்கம் திரும்பினாள்.

“இன்னாக்கா இது, சார் வூட்டம்மா பல்லுன்னு நேத்தே உன்கிட்ட சொன்னேனே, அவராண்ட நீ சொல்லவேயில்லியா?”