நாற்றங்காலை மூடிய கதை

அன்று மானாம்பதி வயலில் இருந்தவர்கள்: என் மாமனார் கன்னியப்பன். மைத்துனன் ஏழுமலை. என் மனைவி சரசு. விவசாய ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர். கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டோடு இருந்த நான்.

ஆபீஸ்காரர் ஒரு கத்தரிக் கிளையைப் பாலிதீன் பைக்குள் விட்டுக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் பைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். வேர் உறிஞ்சுவதை இலை காற்றில் விட்டுவிடுமாம். ஈர மண்ணும் அப்படித்தானாம். சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். (அதோடு அவர் தப்பித்தார்.)

கிணற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. பம்ப் எஞ்சின் அரைமணி ஓடினாலே தண்ணீர் தீர்ந்து காற்று வாங்கும். அந்தக் கொஞ்சத் தண்ணீரில்தான் நெல் நாற்று உயிரோடு இருந்தது. நாற்று போனால் நடவு இல்லை, வருஷச் சோறும் இல்லை. அந்தத் தண்ணீரைப் போய் நாற்றே வெளியே விடுகிறது!

மறுநாள் என்னைத் தவிர எல்லோரும் திருப்புலிவனத்துக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். ரைஸ்மில்லில் நெல் மூடும் தார்ப்பாய் இரண்டு இரவல் வாங்கி நாற்றங்காலை மூடினேன். ஓரமெல்லாம் சேறு பூசினேன். (வேலையில் குறை வைக்க மாட்டேன்.) நல்ல வெயில். மர நிழலில் உட்கார்ந்தேன். பெருமையாக இருந்தது.

சாயங்காலம் மாமனார் வந்தார்.

"இன்னா மாப்ளே இது?"

"தண்ணி காத்துல போவுது மாமா. அடைச்சிட்டேன்."

தார்ப்பாயைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. நாற்று கீரை மாதிரி வெந்து கிடந்தது. தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. அதை நான் எடுத்துச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

ஏழுமலை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "வெந்துடுச்சி மாமா, எறக்கிடுங்க. கொயம்புதான் இன்னும் வெக்கல."

மாமனார் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "நடவுக்கு ஆள் சொல்லிட்டேன் மாப்ளே. நாத்து நீங்க கொண்டாந்துடுங்க."

நடவு முடித்தவர்களிடம் மிச்ச நாற்று கேட்டு வீடு வீடாகப் போனேன். சரசுவும் வந்தாள். நாற்று இல்லை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சும்மாவும் கொடுக்கவில்லை.

"மொதல்லேர்ந்து சொல்லுப்பா. இரு, எதிர்வூட்டுக்காரியும் வரட்டும்."

சொன்னேன். சுருக்கினால் சரசு விடமாட்டாள். "சேறு பூசிக்கினு இருந்தியே, அத்த சொல்லு."

வயல் முழுக்க நட்டோம். விளைந்தது.

இப்போதும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், இலை போட்டு உட்காரவைத்துவிட்டு சரசு என் பக்கம் திரும்புவாள்.

"எத்தினி வூட்ல சொல்லி நாத்து வாங்கினே, சொல்லுய்யா."

பதினேழு.