காதில் இறுகிய ரப்பர் பால்

ஜுனைதீன் நானா கடை,
இரத்தினபுரி,
1931 ஆவணி 9

மகாராஜராஜஸ்ரீ மச்சான் ஐயாவு அவர்களுக்கு, கொடகவெல ரப்பர் தோட்டத்து மூக்கையா கங்காணி அநேக வந்தனத்துடன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை கருப்பாயியும் சுகம். அங்கே கஹவத்தையில் நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க முருகன் துணை.

நிற்க. இரண்டு வருஷமாக எனக்குக் காது அடைத்துக் கிடந்தது தாங்கள் அறிந்ததே. போன மாதம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை, மழை வருது, இன்றைக்குப் பால் வெட்டு வேண்டாம் என்றாராம். நான் சலாம் போட்டு முப்பது ஆளையும் மலைக்கு ஏற்றிவிட்டேன். பால் பிடிக்கிற சிரட்டை நிறைய மழைத்தண்ணிதான் வந்தது. துரை குதித்த குதி எனக்குக் கேட்கவில்லை, அது ஒன்றுதான் லாபம். அதுகூடப் போகட்டும். கருப்பாயி தினமும் பொழுது சாயச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ பேசுகிறாள், வாய் மட்டும் அசையுது, என்னன்னு கேட்டா தலையை ஆட்டிட்டுச் சும்மா இருந்துடுறா. என்னைத்தான் திட்டுறாளோ, என்னத்தச் சொல்றாளோ, அதைத் தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆசையிலதான் மச்சான், இன்றைக்கு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

டாக்டர் ஐயா இரண்டு பல் வைத்த ஒரு இரும்பைத் தட்டிக் காதுக்கு நேரே பிடித்தார், ஒன்றுமில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். ஆத்தாடி! மண்டைக்குள்ளே கணகணன்னுது. உள்காது நல்லாத்தான் இருக்கு, வழிதான் அடைபட்டிருக்கு என்று தாளில் எழுதிக் காட்டி, வெந்நீரைப் பீய்ச்சி, சாமணத்தால் இழுத்தார். இரண்டு காதிலும் ரப்பர்! மழைத்தண்ணி இறங்காமலிருக்க நான் பஞ்சைப் பாலில் தொட்டு அடைப்பேனே, அது ஒழுகி அழுக்கோடு சேர்ந்து உள்ளே இறுகியிருக்கிறது. "தோட்டத்து ஒட்டுப்பாலக் காதுல வச்சுக் கடத்துறீங்களா கங்காணி?" என்றார். இரண்டு வருஷத்தில் என் காதில் தெளிவாய் விழுந்த முதல் பேச்சு அது. சத்தம் உள்ளே போய்த் தப்பு மேளத்துத் தோல் மாதிரி ஒரு சவ்வைத் தட்டுமாம். அது மூன்று சின்ன எலும்பை ஆட்டி உள்ளே அனுப்புமாம். தட்ட விடாமல் நானே மறித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்துவிடுங்கள், சேவல் அறுக்கிறேன். காது வந்த சங்கதியை அங்கே உங்கள் தோட்டம் முழுக்கச் சொல்லுங்கள். பெரியவங்களுக்குக் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மூக்கையா கங்காணி

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாப்பிட்ட பிறகு கருப்பாயியிடம் சொல்லலாம் என்று சும்மா உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து, "நம்ம சுப்பம்மாவுக்கு இந்த மாசம் பதினாறு முடியுதுங்க. இருந்தா இந்நேரம் பால் வெட்டப் போயிருப்பா. உங்களாட்டமே வீம்புக்காரி" என்றாள். மகள் காய்ச்சலில் போன அன்று, அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று நான் கத்தியது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக என் செவிட்டுக் காதில் அந்தப் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வந்துவிட்டது மச்சான். அடுப்புப் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா வாயை மூடிக்குவா. நானாக அந்தப் பேரைச் சொல்லலாமென்று பார்த்தால் நாக்கு எழும்ப மாட்டேங்குது. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், நாக்கு எழும்பும்வரை யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம். தங்கச்சி கேட்டால் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னிடம் கத்தியே பேசுங்கள்.