நான்கு தேசிக்காயும் கடலுக்கடியில் போன காரும்

சிவமயம்

பாபடோயிட்டோய்,
ஒக்லாந்து, நியூசிலாந்து.
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மைத்துனர் மகேசனுக்கு,

நாங்கள் இங்கே கடவுள் கிருபையால் சுகம். நீரும் உம் மனைவி கஜந்தினியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதுகிறேன். லண்டனில் பதினொரு நாள் எங்களுக்குச் சோறு போட்டதற்கு நன்றி. நன்றி சொல்லும் பகுதி இத்துடன் முடிந்தது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீர் போட்ட குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். "அத்தானைத் திரையைப் பாக்கச் சொல்லிப்போட்டுத்தான் போனனான், அவர்தான் கோட்டை விட்டவர்" என்று நாற்பத்தாறு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறீர். உம் அக்கா யோகராணி அன்றிலிருந்து உம்முடைய போனை எடுப்பதில்லை. அவவின் கோபம் முழுக்க உம்மேல்தான். அது நியாயமான கோபம் என்று நிறுவத்தான் இந்தக் கடிதம். குழுவில் பதில் போட்டால் நீர் இன்னும் நாலு நிமிடம் பேசுவீர் என்பதால், தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

நீர் மறந்தது போல நடிப்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். பாரிசில் இருக்கும் என் தம்பி பிரதாபனுடைய மகள் பிரணவிக்குக் கலியாணம். அவன் மனைவி இறந்து ஐந்து வருடம். துணையில்லாதவன் மணவறையில் இருந்து தாரை வார்க்கக்கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டதால், "அண்ணா, நீங்களும் அண்ணியும் வந்து பிள்ளையைக் குடுத்து விடுங்கோ" என்று அவனே போனில் கேட்டான். இருபத்தேழு வருடத்தில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதற்காகத்தான் யோகராணியும் நானும் இருபத்தாறு மணித்தியாலம் பறந்து லண்டன் வந்தோம். அங்கிருந்து பாரிசுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் பறக்க எங்களுக்கு என்ன பஞ்சியா? நீர்தான் விடவில்லை. "புதுக் கார் நிக்குது, அத்தான். காரை அப்பிடியே ரெயினுக்குள்ள ஏத்தினா, ரெயின் கடலுக்கு அடியால போகும். முப்பத்தைஞ்சு நிமிசம். நீங்கள் சீட்டால எழும்பவும் தேவையில்லை" என்றீர். நானும் தலையாட்டினேன். எங்கள் நாட்டில் வடக்குத் தீவிலிருந்து தெற்குத் தீவுக்குப் போவதென்றால் காரைக் கப்பலில் ஏற்றிவிட்டு மேல்தட்டில் நின்று கடலைப் பார்ப்போம். கடலுக்குக் கீழே போகும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

சரி, போவதுதான் போகிறோம், முதல் நாளே போயிருக்கலாம். முதல் நாள் அட்டமி என்றீர். பதினொரு மணி முகூர்த்தத்துக்கு அன்று விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிடும் மனிதரை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. பட்டு வேட்டி கசங்காமலிருக்க நான் முதுகை நிமிர்த்தியபடி இருக்கிறேன். யோகராணி கூறை கட்டின மணப்பெண் மாதிரிச் சோடித்துக்கொண்டு பின்சீட்டில். தாரை வார்ப்பவன் விரதம் என்று தெரிந்தும், நீர் ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு மறு கையால் மட்டன் றோல்ஸ் கடிக்கிறீர். கார் முழுக்க அந்த வாசம். அதோடு நின்றீரா? கடற்கரைப் பக்கம் திரும்பும்போது, "இந்த ரெயினுக்குள்ளதான் அத்தான், பிரதாபன் அண்ணை லொறியில ஒளிச்சு லண்டனுக்கு வரப் பாத்து ரெண்டு தரம் பிடிபட்டவர். இப்ப பாத்தியளே, நாங்கள் சீட்டுக்குச் சூடு போட்டுக்கொண்டு போறம்!" என்று சிரித்தீர். கலியாணத்துக்குப் போகிற மனிதனிடம் எடுக்கிற கதையா அது? சீட்டுச் சூட்டை நிறுத்துவது எப்படி என்று மட்டும் கேட்டேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரெயில் நிலைய வாசலில் ஒரு இயந்திரம், எம் என்ற எழுத்து அச்சடித்த அட்டை ஒன்றைத் தந்தது. அதைக் கார்க் கண்ணாடியில் தொங்கவிட்டுவிட்டு, கட்டடத்துக்குள் போய்த் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரையில் எம் வந்ததும் காரை எடுத்து வரிசைக்கு ஓட வேண்டும். ஓடாவிட்டால் ரெயில் போய்விடும். இவ்வளவுதான் விஷயம், ஒரு குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் உமக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது, புதுக் கார் முதன்முதலாகக் கடல் தாண்டுகிறது, கண்ணூறு படாமல் சில்லுக்கு அடியில் தேசிக்காய் நசிக்க வேண்டுமென்று! யோகராணி கொண்டையில் பூ வைக்கக் குளியலறைப் பக்கம் போய்விட்டா. நீர் பையைத் தூக்கிக்கொண்டு கார் தரிப்பிடத்துக்குப் போய், நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து, கற்பூரத்தையும் கொளுத்தியிருக்கிறீர். எங்கே? உலகத்திலேயே அதிகம் காவல் போட்ட ஒரு ரெயில் நிலையத்தில்! இரண்டு காவலர்களும் ஒரு நாயும் வந்து, காருக்கு அடியில் என்ன வைத்தாய் என்று உம்மைக் கேட்டால், "ஃபுரூட், சேர், ஒன்லி ஃபுரூட்" என்று நீர் நடுங்கினதை யோகராணி யன்னலால் பார்த்திருக்கிறா. நாய் தேசிக்காயை மணந்து பார்த்துத் தும்மியதாம். உம்மை அவர்கள் விடும்போது ஐந்தே முக்கால். எங்கள் ரெயில் ஐந்து ஐம்பதுக்கு.

அந்த இடைநேரத்தில் எழுத்து வந்து போனதாம், நான் காணவில்லையாம். நான் எப்படிக் காண்பது? அறுபத்தொன்பது வயது மனிதன், கண்புரைக்காரன். திரையில் எழுத்துகள் எறும்பு ஊர்வது போல மாறிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்டவனைத் தனியே இருத்திவிட்டுத் தேசிக்காய் வைக்கப் போனவர் நீர். இதில் பிழை யாருடையது என்று நாற்பத்தாறு பேரும் சொல்லட்டும்.

சனிக்கிழமை என்றபடியால் அடுத்த ரெயில்கள் எல்லாம் நிரம்பி, எட்டு இருபதுக்குத்தான் இடம் கிடைத்தது. அந்தப் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீர் குழுவில் அதைப் பெரிய அதிசயம் போல வர்ணித்திருக்கிறீர். காரை ஒரு நீளத் தகரப் பெட்டிக்குள் விட்டோம். முன்னுக்கும் பின்னுக்கும் கதவைச் சாத்தினார்கள். பிறகு காரும் நிற்கிறது, நாங்களும் இருக்கிறோம், எதிரே ஒரு மஞ்சள் சுவர். "கடல் எங்க?" என்று கேட்டேன். "மேல" என்றீர். யோகராணி உடனே சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டா, ஒழுகினாலும் என்று. இறங்கிய இடத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டுமாம். பத்து மணியாகிவிட்டது. பாரிசுக்கு இன்னும் மூன்று மணித்தியால ஓட்டம். பதினொரு மணிக்கு யோகராணி நாதஸ்வரம் கேட்பது போலக் கையைக் கூப்பினா. உம்முடைய றோல்ஸும் முடிந்துவிட்டது.

ஒரு மணிக்கு மண்டபத்துக்குள் போனால் இரண்டாம் பந்தி நடக்கிறது. பிரதாபன் வேலை செய்த சாப்பாட்டுக்கடை முதலாளியும் மனைவியும் எங்கள் இடத்தில் இருந்து தாரை வார்த்து முடித்திருந்தார்கள். பிரணவி எழும்பி வந்து எங்கள் காலில் விழுந்தா. முன்பின் பார்த்திராத பெரியப்பனை அந்தப் பிள்ளை சரியாக அடையாளம் கண்டது. பிரதாபன் என் கையைப் பிடித்து, "பரவாயில்லை அண்ணா, ரெயின் பிந்தினா நீங்கள் என்ன செய்யிறது? களைச்சுப்போய் வந்திருக்கிறியள், இருந்து சாப்பிடுங்கோ" என்றான். வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்ன அதே இருந்து சாப்பிடுங்கோ. பாயாசத்தை யோகராணி பக்கம் நகர்த்திவிட்டேன். திரும்பி வந்து எங்கள் மகள் நிசாந்தினியிடம் சொன்னால், அவள் "டாட், வை டிட்ன்ட் யூ ஜஸ்ட் ஃப்ளை?" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாள். இங்கே பிறந்த பிள்ளைக்கு விளங்கியது, முப்பது வருடம் லண்டனில் இருக்கும் உமக்கு விளங்கவில்லை.

ஆகவே, குரல் செய்தியை உடனே அழிக்க வேண்டும், அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி உம்முடைய காரில் நான் ஏறப்போவதில்லை, அது தரையில் ஓடினாலும் சரி.

கஜந்தினிக்கு என் அன்பு. பிள்ளையார் உமக்கு நீண்ட ஆயுளையும், அதற்கேற்ற அளவு புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
தவராசா

பி.கு.: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டி மூன்று நாளாகக் கதவடியில் வைத்திருந்தேன். நேற்றுப் பிரதாபன் போன் எடுத்தான். "அண்ணா, எனக்காக மகேசனோட பகைக்காதேங்கோ. அது ரெயின் செய்த பிழை" என்றான். உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

என் கண்புரையைப் போன வருடமே வெட்டியாயிற்று. எங்கள் வீதி முனையில் திரும்பும் பஸ்ஸின் இலக்கம் இப்போது குசினி யன்னலிலிருந்தே தெரியும். எம் என்ற எழுத்து ஐந்து மணி எட்டு நிமிடத்துக்குத் திரையில் வந்தது. இருபது நிமிடம் நின்றது; காவலர்கள் உம்மிடம் வந்தது அதற்குப் பிறகுதான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தொண்ணூற்றெட்டில் பிரதாபன் கொழும்பிலிருந்து எனக்கு ஒரு படிவம் அனுப்பினான். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் அவன் நியூசிலாந்துக்கு விண்ணப்பிக்கலாம். என்னுடைய விசாவுக்குப் பாதகம் வருமோ என்று பயந்து அதைப் பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். பதினொரு மாதம் அது அங்கேயே கிடந்தது. பிறகு அவன் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டுவிட்டான். லொறிக் கதை உமக்குத் தெரியும். படிவத்தின் கதையை அவன் யாருக்கும் சொல்லவில்லை, என்னையும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் சண்டை பிடித்து ஆறியிருப்போம். அன்று காருக்குள் நீர் சிரித்தபோது, அவனுடைய பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க எனக்குக் கை வராது என்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல வாயும் வரவில்லை. எழுத்து போகும்வரை இருந்தேன்.

உம்முடைய தேசிக்காயில் ஒரு பிழையும் இல்லை. மேலே உள்ள தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தத் தாளை மட்டும் அக்காவுக்குப் போனில் வாசியும். தன்னுடைய போனில் உம் அழைப்பை எடுக்கமாட்டா, ஆகையால் என்னுடைய இலக்கத்துக்கு எடும், அவ எடுப்பா. எங்கள் நேரம் சனிக்கிழமை காலை ஒன்பது மணி நல்லது. அந்த நேரம் நான் போனை வீட்டில் வைத்துவிட்டு, டெயரி என்று இங்கே சொல்லும் முனைக்கடைக்குப் பால் வாங்கப் போயிருப்பேன்.