சேற்றில் இறுகிய மாப்பிள்ளைத் தோணி

ஊர்ப் பெருமை பேசுகிறவனிடம் கலியாண வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

யுத்தம் முடிந்து, வெளிநாட்டுக்காரர்கள் புத்தளம் பக்கம் சுற்றிப்பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம். ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் அந்தக் காலத்தில் வெட்டிய கால்வாயின் கரையில்தான் எங்கள் ஊர். அந்தக் கால்வாயைக் காட்டியே பெரிய ஆளாகிவிடலாம் என்று நம்பியிருந்தேன் (நீந்தக்கூடத் தெரியாது). தங்கச்சியின் நிக்காஹ் அன்று, மாத்தளையிலிருந்து வந்த மாப்பிள்ளையையும் அவருடைய பெரியவாப்பாவையும் பஸ்ஸிலிருந்து இறக்கித் தோணியில் ஏற்றினேன். வாப்பா வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். கேட்டால்தானே!

"இதாலதான் அந்தக் காலத்துல கறுவாப்பட்டை ஏத்தின தோணியெல்லாம் போன" என்று கைநீட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது தோணி சேற்றில் இறுகி நின்றது. கோடையில் தண்ணீர் வற்றியிருந்ததை நான் யோசிக்கவேயில்லை. கம்பை ஊன்றித் தள்ளினேன். கம்பும் சேற்றோடு போயிற்று.

"அந்தத் தோணியெல்லாம் இப்பிடித்தான் நின்டதா, தம்பி?" என்றார் பெரியவாப்பா.

கரையில் எங்கள் வீடு தெரிந்தது. வாசலில் நின்ற மௌலவி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேறு ஊரில் இன்னொரு நிக்காஹ் ஓதப் போக வேண்டியிருந்தது. இறங்கினால் இடுப்புவரை சேறு. மாப்பிள்ளையோ பளீரென்ற வெள்ளை உடுப்பில்.

"இது சரிவராது. இன்னொரு நாளைக்கு வெச்சிக்குவம்" என்றார் பெரியவாப்பா.

அப்படித் தள்ளிப்போன கலியாணங்கள் என்னவாகும் என்று ஊருக்கே தெரியும். (திரும்பிப் போவதற்கும் அதே சேற்றில்தான் இறங்க வேண்டும் என்று அவரிடம் சொல்லத் துணிவில்லை.) ஜன்னலில் தங்கச்சியின் முகம் தெரிந்தது. அல்லாஹ்வே, அவள் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டேனே!

அப்போது வாப்பா புதுச் சாரனை மடித்துக் கட்டினார்.

"மௌலவி, நீங்க கரையில நின்டே ஓதுங்க" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கித் தோணியடிக்கு வந்து கையை நீட்டினார். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுப்பதுதானே நிக்காஹ். அதற்குப் பந்தல் தேவையில்லை.

"கையத் தாங்க, மகன்."

மாப்பிள்ளை பெரியவாப்பாவைப் பார்த்தார். அவர் பார்வை சேற்றில் நின்ற வாப்பாமேல் இருந்தது. மாப்பிள்ளை மெதுவாகக் குனிந்து, சேறு வழிந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மௌலவி கரையிலிருந்து ஓத, பெரியவாப்பாவும் நானும் சாட்சி.

இப்போதும் தங்கச்சியோடு சண்டை வந்தால் மச்சான், "எறங்கி ஓட ஏலாத எடத்துல வெச்சித்தானே என்னட்ட சம்மதம் வாங்கின" என்பார்.

"பின்ன, எங்கட நானா உங்கள தோணில ஏத்தினது எதுக்காம்?" என்பாள் தங்கச்சி, அண்ணன் என்னைக் காட்டி.