நான்கு நாயகியரும் ஒரு பென்சிலும்

நாவல்களில் வரும் பெண்களின் உள்ளத்தை முற்றும் அறிந்தவன் என்று ஓர் ஆண் மேடையேறினால், தன் வீட்டுப் பெண்களின் முகத்தை அவன் நிமிர்ந்து பார்த்து நெடுங்காலம் ஆயிற்று என்று தயங்காமல் முடிவு செய்யலாம். இதை நான் பிறரைப் பற்றிச் சொல்லவில்லை.

முதுகலைத் தமிழ் பயின்று, தமிழாசிரியராகிப் பின் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் நான் நடந்தால் இப்போதும் இருவராவது சைக்கிளைவிட்டு இறங்குவார்கள். (அதில் ஒருவர் இறங்குவது செயின் கழன்றுவிடுவதால் என்பாள் என் மனைவி. நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.) வெளியில் இத்தனை மதிப்பு இருந்தும், என் வீட்டுப் பெண்களுள் ஒருவர்கூட என் சொற்பொழிவைக் கேட்டதில்லை என்பது எனக்கு ஆறாத மனக்குறை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் ஆசிரியைகளுக்கான வாசிப்பு முகாம் ஒன்று நடந்தது. ‘புனைகதைப் பெண்களின் தொல்படிமங்கள்: ஓர் உளவியல் நோக்கு’ என்ற பொருளில் பேச என்னை அழைத்தார்கள். உடனே ஒரு வேன் பிடித்து, என் மனைவி ருக்மணி, அக்கா தனபாக்கியம், மனைவியின் தங்கை சாந்தி, என் மகனின் மாமியார் வசந்தா அம்மையார் ஆகிய நால்வரையும் அழைத்துச் சென்றேன். அன்று மாலைக்குள் நால்வரும் என்னை மதித்தே தீரவேண்டும் என்பது என் உறுதி. (அவர்கள் அருவி பார்க்கத்தான் வந்தார்கள் என்பது கச்சிராயபாளையம் தாண்டிய பிறகே எனக்குத் தெரிந்தது.)

கதைகள் எங்கே பிறந்தாலும் அவற்றின் பெண்கள் சில பழைய அச்சுகளில்தான் வார்க்கப்படுகிறார்கள் என்பது என் உரையின் சாரம். அதை ஒரே தாளில் நான்கு கட்டங்களாக வரைந்திருந்தேன். முதற்கட்டத்தில், அன்பினாலேயே கட்டிப்போட்டு ஆளும் தாய். இரண்டாவதில், கண்டாரைக் கலங்கடிக்கும் மோகினி. மூன்றாவது, எல்லாம் அறிந்து எதையும் முன்கூட்டியே சொல்லும் கிழவி. நான்காவது, காத்திருப்பவள். வயதின் காரணமாக எனக்கு வரிசை மறந்துபோகும். ஆகவே நினைவுக்காக, ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் தெரிந்த பெயர் ஒன்றைப் பென்சிலால் குறித்தேன்: ‘அக்கா’, ‘சம்பந்தியம்மா’, ‘சாந்தி’. நான்காவதற்கு எவ்வளவு யோசித்தும் ஒருவரும் அகப்படவில்லை. காலியாக விட்டுவிட்டேன்.

பென்சில் எழுத்து ஜெராக்ஸில் விழாது என்பது என் ஆசிரிய வாழ்வின் அசையாத நம்பிக்கைகளுள் ஒன்று. (வினாத்தாளின் ஓரத்தில் விடைகளைப் பென்சிலால் குறித்து வைத்துப் பலமுறை நகல் எடுத்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் என் மாணவர்கள் ஏன் அவ்வளவு மதிப்பெண் வாங்கினார்கள் என்பது மிகவும் தாமதமாக விளங்கியது.) ஜெராக்ஸ் கடை நடத்தும் பெண் என் பழைய மாணவி. அறுபது நகல்களையும் கட்டிக் கையில் கொடுத்தபோது, “ஓரத்துல எழுத்து ரொம்ப மங்கலா இருந்துச்சு சார். டார்க் ஜாஸ்தி வெச்சுப் போட்டுட்டேன். அறுவதும் பளிச்சுனு வந்துக்குது” என்றாள். என் மனம் முன்னுரையில் இருந்தது. “மகிழ்ச்சி, அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிமலைக் கூடத்தில், உரைக்கு முன் என் குடும்பத்தினரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, உறவு சொல்லி எழச்செய்து அறிமுகப்படுத்தினேன். முதல் வரிசையில் நால்வரும் எழுந்து கும்பிட்டார்கள். பிறகுதான் தாள்களை வினியோகித்தார்கள்.

“ஆளும் தாய்” என்று தொடங்கினேன். அறுபது தலைகள் தாளைப் பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில் என் அக்காவின் பக்கம் திரும்பின. “மோகினி” என்றேன். தலைகள் வசந்தா அம்மையாரிடம் நகர்ந்தன. என் குரல்வளம் கூட்டத்தை இப்படி இயக்குகிறதே என்று எனக்குப் பெருமிதம். மூன்றாவது வகையை விளக்கியபோது சிரிப்பலை எழுந்தது. அந்த இடத்தில் நான் நகைச்சுவை எதுவும் வைத்திருக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை எழுந்தார். “சார், மூணு கட்டத்துக்கும் உதாரணம் குடுத்திருக்கீங்க. நாலாவது மட்டும் காலியா இருக்குது. பிரிண்ட் விழலைங்களா?”

மேசையிலிருந்த நகலைப் பார்த்தேன். என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக இருந்து நான் கண்டதேயில்லை. தண்ணீரைத் தேடினேன். பிளாஸ்க் முதல் வரிசையில் ருக்மணியின் மடியில் இருந்தது. நான் எப்போது கேட்பேனோ என்று, தொடக்கம் முதலே மூடியைத் திறந்து கையில் பிடித்திருந்தாள்.

பதற்றத்திலும் உண்மையே பேசும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. “அந்த வகைப் பெண் எவரையும் என் வாழ்வில் நான் கண்டதில்லை” என்றேன்.

ருக்மணி மூடியைத் திருகி மூடினாள். மிச்ச உரையைத் தண்ணீரின்றியே முடித்தேன்.

மலையிறங்கும்போது வேனுக்குள் ஒவ்வொரு வளைவிலும் ஒரு விசாரணை நடந்தது.

“ஏன்டா, நான் உன்னக் கட்டிப்போட்டு ஆண்டேனா?” என்றார் அக்கா. “ஒழுங்கா ஆண்டிருந்தா நீ இப்பிடியா வந்திருப்ப?”

“எனக்கு இன்னும் அம்பது முடியல மாமா, கிழவியாமே?” என்றாள் சாந்தி. “சரி, எல்லாம் தெரிஞ்ச கிழவி சொல்றேன், கேட்டுக்குங்க. இனிமே வூட்டுல உங்களுக்குச் சோறு கஷ்டந்தான்.”

வசந்தா அம்மையாரிடம் கைகூப்பினேன். “சம்பந்தியம்மா, அது ஆழ்மனக் குறியீடு. தனிமனிதரைச் சார்ந்ததன்று.”

அவர் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். “வுடுங்க சம்பந்தி. அறுவது வயசுல மோகினின்னு யாருக்குப் பேரு கெடைக்கும்? லேமினேஷன் போட்டு எங்க வூட்டுக்காரர் கண்ணுல படுற மாதிரி மாட்டப் போறேன்.”

கோமுகி அணையின் தண்ணீர் கண்ணில் பட்டது. அப்போது ருக்மணி கேட்டாள்: “ஏங்க, அந்த நாலாவது பொம்பள இன்னா பண்ணுவா?”

கேள்வி என்று வந்துவிட்டால் நான் ஆசிரியன். “அவள் பிறர் வருகையையே வாழ்வாகக் கொண்டவள். தன் பசியைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு...” என்று தொடங்கியவனுக்கு எங்கள் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது. நூலகத்திலிருந்து நான் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தாலும், சமையலறையில் இரண்டு தட்டுகள் கவிழ்ந்திருக்கும். அந்த இரண்டாவது தட்டு யாருக்கு என்று முப்பத்தாறு ஆண்டுகளாக நான் கேட்டதில்லை.

“அப்பிடியா” என்றாள் அவள். “மலையேறி வந்து நல்லாத்தான் கண்டுபுடிச்சீங்க.”

மறுநாள் ஒரு மணிக்குச் சாப்பிட்டுத் தட்டையும் கழுவி வைத்துவிட்டாள். நான் மூன்று மணிக்கு வந்தபோது ஒரே ஒரு தட்டுதான் கவிழ்ந்திருந்தது. சோறு ஆறியிருந்தது. அதற்கு அடுத்த நாள், நூலகர் வியக்கும்படி, பன்னிரண்டரைக்கே கிளம்பினேன்.

இப்போது ஒரு மணிக்கு முன்னரே மேசையில் இருப்பவன் நான்தான். ருக்மணி தொலைக்காட்சித் தொடர் முடிந்துதான் எழுந்து வருவாள். (நடுவே விளம்பரங்கள் வேறு.) அதுவரை தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

வசந்தா அம்மையார் லேமினேஷனில் எங்களுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார். அது சாப்பாட்டு மேசைக்கு எதிரே தொங்குகிறது. ஒருநாள் வந்திருந்த சாந்தி, நான் உட்கார்ந்திருந்த கோலத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பின்பு காலியாக இருந்த கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டாள், பட்டத்தோடு சேர்த்து. பென்சில் அழிந்துவிடுமாம், மார்க்கர் பேனாவில் எழுதினாள்.

அன்றிலிருந்து அக்கா போன் செய்தால் என் நலம் விசாரிப்பதில்லை. ருக்மணியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: “இன்னாடி, நாலாம் நம்பருக்குச் சோறு போட்டியா, இல்ல இன்னும் ஒக்காந்துக்கினு கீறானா?”