வீட்டோவும் நான் மறித்த துப்பாக்கியும்

உலகத்தில் வீட்டோ அதிகாரம் உள்ளவர்கள் ஐந்து பேர் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். தப்பு. ஆறு பேர். ஆறாவது ஆள் ஜவ்வாது மலையில் இரண்டு ஏக்கர் சாமை போட்டிருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் அவர் ஊரிலேயே யாருக்கும் தெரியாது. ஜமுனாமரத்தூர் டீக்கடையில் ரேடியோ செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, "அது இன்னா சார் வீட்டோ?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். "ஐ.நா. சபையில எல்லாரும் சேர்ந்து ஒண்ணு முடிவு பண்ணாலும், அஞ்சு நாட்டுல ஒருத்தர் வேணாம்னா நடக்காது" என்றேன். அன்றோடு மலையின் நிம்மதி போயிற்று. மச்சான் மகள் கல்யாணத்தில் கத்திரிக்காய்க் குழம்பு என்றார்கள். "வீட்டோ!" என்றார். பூசணிக்காய் வந்தது. ஆலங்காயம் பஸ்ஸில் இடமில்லை என்றார் கண்டக்டர். "வீட்டோ!" என்று இவர் போட்ட சத்தத்தில் கண்டக்டர் தன் சீட்டையே கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வந்தார். அவர் பெயரே வீட்டோ ஆகிவிட்டது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கணியம்பாடிப் பக்கத்திலிருந்து மலைமேல் ஓர் அரசாங்க ஆபீசுக்கு எழுத்தராக வந்தவன். நான் எழுதுவதை அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஆகவே ஆபீசே என் தலைமேல்தான் நிற்கிறது என்ற நினைப்பு எனக்கு.

நம் தேசம் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த வருஷம் அது. வெளிநாடுகள் சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. எனக்கு வந்ததே கோபம்! டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று, "வீடு நிறைய குண்டு வெச்சிருக்கிறவனுக்கு, இன்னொருத்தனப் பார்த்து வெச்சிக்காதேன்னு சொல்ல என்ன யோக்கியதை இருக்கு? அவனவன் வீட்டுக்கு அவனவன் ராஜா!" என்று முழங்கினேன். இறங்கும்போது இரண்டு பேர் டீயைத் தட்டிவிட்டேன். கை தட்டியவர் வீட்டோ ஒருவர்தான். எனக்கு ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் ரசிகர் ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் மனு. பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமாம்.

விஷயம் இதுதான். அவர் சாமை போட்டிருந்த கொல்லைக்கு ஒரு பக்கம் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் கொல்லை, மறுபக்கம் ஊர்க்கவுண்டரின் மச்சான் கொல்லை. இரண்டு பேரிடமும் துப்பாக்கி இருந்தது. இரண்டு பக்கமும் வெடி கேட்டால் காட்டுப் பன்றிகள் எங்கே போகும்? நேராக நடுவில் இருந்த வீட்டோ கொல்லைக்கு வந்தன. போன வருஷம் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது வைக்கோல் மட்டும்தான். இந்த வருஷமும் போனால் அவரும் சம்சாரமும் இரண்டு பெண்களும் கீழே கூலிக்கு இறங்க வேண்டியதுதான்.

விசாரணை அறிக்கை எழுத வேண்டியவன் நான். சாயங்காலம் ஊர்க்கவுண்டர் ஒரு பாட்டில் மலைத்தேனோடு வந்தார். "கல்யாணச் சோத்துக்கே இந்தக் கூத்து கட்றவன் சார். அவன் கைல துப்பாக்கி போனா ஊரு தாங்குமா? உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியாதது என்று ஒன்று உண்டென்பதை அந்த வயதில் நான் ஒப்புக்கொண்டதில்லை. தேன் வேறு நன்றாக இருந்தது. 'பொது அமைதிக்கு ஊறு விளையுமாதலால் பரிந்துரைக்கப்படவில்லை' என்று முத்து முத்தாக எழுதி அனுப்பினேன்.

மனு தள்ளுபடியானது தெரிந்து வீட்டோ வந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவனவன் வூட்டுக்கு அவனவன் ராஜான்னு நீதான சார் சொன்ன?"

"அது நாடுங்க. இது கொல்லை."

"சரி சார். நாளிக்கு ஊர்க் கூட்டத்துக்கு வந்துடு."

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கேட்பதை வேண்டாமென்று மறித்தால், அதனால் வரும் குறையை மறித்தவரே தாங்க வேண்டும். கிணறு வெட்டாதே என்றால் தன் கிணற்றிலிருந்து தண்ணீர் விட வேண்டும். இந்த நியாயம் எனக்குக் கூட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"எனக்குத் துப்பாக்கி கூடாதுன்ட்டாங்க. அப்ப என் கொல்லைக்கு யாரு காவல்?" என்று கேட்டார் வீட்டோ. எல்லோரும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் எங்க மறிச்சேன்? எழுதுனது சாரு" என்றார். பாவி மனுஷன்! இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேனைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் வேலை போகும்.

ஆக, மூன்று வாரம், ஆபீஸ் முடிந்ததும், இஸ்திரி போட்ட சட்டையோடு வீட்டோ கொல்லையில் காவல் பரண்மேல் ஏறி நான் தகர டின் தட்டினேன். முதல் நாள் ஒரு பன்றி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மேய ஆரம்பித்தது. என் அதிகாரி என்னைப் பார்ப்பதும் அப்படித்தான். இரண்டாம் வாரம் கால் வழுக்கிப் பரணிலிருந்து ஒரு பன்றிக் கூட்டத்துக்கு நடுவிலேயே விழுந்தேன். நான் போட்ட அலறலில் மொத்தப் பன்றியும் காட்டுக்குள் ஓடிவிட்டது. பக்கத்துக் கொல்லைத் துப்பாக்கிக்காரர்கள்கூட என்ன வெடி இது என்று ஓடி வந்தார்கள்.

"எனக்குத் துப்பாக்கி இன்னாத்துக்கு சார்? நீயே போதும்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார் வீட்டோ. சிரித்துக்கொண்டே என் முழங்காலில் பச்சிலை வைத்துக் கட்டினார். அவர் சம்சாரம் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்தார். தினமும் கொண்டுவந்தார். மெஸ் சாப்பாட்டில் செத்த என் நாக்கு அங்கேதான் பிழைத்தது.

அந்த வருஷம் சாமை முழுசாக வீடு சேர்ந்தது. களத்தில் வீட்டோ எல்லோரும் கேட்கச் சொன்னார்: "சாரு மறிச்சாரு, தாங்கவும் தாங்குனாரு. அந்த அஞ்சு பேரையும் வந்து இது மாதிரி பரண்ல குந்தச் சொல்லு. அப்புறம் எவன் குண்டு கேக்கறான்?"

தின்ற தேன் நினைவுக்கு வந்து எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று புதிதாக ஓர் அறிக்கை எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். வீட்டோ அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"அத வெய்யி சார். அடுத்த வருசமும் நீ இருப்ப இல்ல?"

"இருப்பேன்" என்றேன்.

சித்திரையில் மாற்றல் உத்தரவு வந்தது. அவரிடம் சொல்லத் தைரியமில்லாமல், கோழைப் பயல், முதல் பஸ்ஸில் ஏறி இறங்கி வந்துவிட்டேன். கீழே சந்தவாசலில் பஸ் நின்றபோது அந்தப் 'பரிந்துரைக்கப்படுகிறது' அறிக்கையை மேலிடத்துக்குத் தபாலில் போட்டேன். எனக்குப் பதிலாக ஒரு துப்பாக்கியாவது அவருக்குத் துணை இருக்கட்டும் என்றுதான்.