கறை வக்கீலும் ஞானமுத்து வாத்தியார் சட்டையும்

எழுபதுகளில் தூத்துக்குடியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக நடமாடிய ஆண்பிள்ளை ஒருவன்கூடக் கிடையாது. காரணம், எங்கள் கறை வக்கீல். எதிரே வருகிறவர் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. சட்டையைத்தான் பார்ப்பார், சட்டையோடுதான் பேசுவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அது மேலே எழும்பினால் போதும், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆனாலும் உப்பள முதலாளி ஆனாலும் கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்வார்கள். மரியாதைக்காக இல்லை, சட்டையை மறைக்க.

நான் அப்போது ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. கீழ்வீட்டில் நானும் என் மனைவி ராகேலும், மாடியில் அவர் தன்னந்தனியாக. குடிவந்த அன்றே என்னைக் கவிழ்த்துவிட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லி ராகேல் வைத்த கஞ்சியை முந்தின ராத்திரி நான் ஒதுக்கியிருந்தேன். வாசலில் நின்ற மனுஷன் கண்ணாடியை என் சட்டைப் பையருகே கொண்டுவந்தார்.

"கோழிச் சால்னா. புரோட்டாவைப் பிச்சு முக்கும்போது தெறிச்சிருக்கு. நல்ல கடையாத்தான் பாத்துப் போயிருக்கீரு, எண்ணெய் சுத்தமா இருக்கு" என்றார்.

ராகேல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு சரியில்லாமல் போகிறது.

கறைகளிலேயே அவருக்கு உயிர் ரத்தக்கறைதான். கொலைக் கேஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆட்டு ரத்தம், கோழி ரத்தம், சுறா ரத்தம் என்று வாங்கிவந்து துணியில் தெளித்து, மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டு, வெயிலில் எப்படி மாறுகிறது, கடல்காற்றில் எப்படி மாறுகிறது என்று நாள்முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். துணி யாருடையது என்கிறீர்கள்? என்னுடையது. "அண்ணாச்சி, பழைய சட்டை ஏதாச்சும் இருந்தா கொடும்" என்று கேட்பார். பழையது தீர்ந்ததும் புதிதைப் பார்த்து, "இதுவும் ஒருநாள் பழசாகுறதுதானே?" என்பார்.

ஒருமுறை வீட்டுக்கார அண்ணாச்சியின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் தெருமுனையில் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் மாடியில் கொடி நிறைய ரத்தச் சட்டைகள் பறந்துகொண்டிருந்தன. வந்த கார் அப்படியே திரும்பிப் போய்விட்டது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். இன்றோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

"எம் மகள் வாழ்க்கைய கெடுத்துட்டீரேவே!"

"கெடுக்கல, காப்பாத்திருக்கேன். அந்தப் பையனை முந்தாநாள் கோர்ட்டு வாசல்ல பாத்தேன். கைமடிப்பு பூரா பிராந்தி, அதுக்கு மேல வெத்தலை எச்சி. சந்தேகம்னா விசாரிச்சுப் பாரும்" என்றார் வக்கீல்.

வீட்டுக்காரர் விசாரித்தார். அதற்குப் பிறகு ரத்தம் தெளிக்க அவரே தன் சட்டைகளை அனுப்ப ஆரம்பித்தார். நான் பிழைத்தேன்.

இப்படியான மனுஷனிடம்தான் ஞானமுத்து வாத்தியார் கேஸ் வந்தது.

ஞானமுத்து வாத்தியார் எங்கள் சபைக்காரர், நாசரேத்துப் பக்கம். சட்டைக் கழுத்துப் பித்தானைக்கூடக் கழற்றாத கண்டிப்பு. ரத்தத்தில் சமைத்ததைத் தொடுவது பாவம் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரம்போடு சொல்லிக்கொடுப்பார். அந்த வருஷம் சபைத் தேர்தலில் அவரை எதிர்த்துத் தங்கதுரை என்பவர் நின்றார். எங்கள் பக்கத்துச் சபைத் தேர்தல் எப்படியென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், பார்லிமெண்டுத் தேர்தல் தோற்றது. நாங்கள் கோயில் என்று சொல்லும் சர்ச் வாசலிலேயே இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றி, "உன்னைச் சும்மா விடமாட்டேன்லே!" என்று வாத்தியார் ஊர் கேட்கக் கத்தினார். மறுநாள் காலையில் மாப்பிள்ளையூரணிக்கு அந்தப் பக்கம் உப்புக் குவியலுக்குப் பின்னால் தங்கதுரை கத்திக்குத்துப் பட்டுச் செத்துக்கிடந்தார். அதே காலையில், தருவைகுளத்து ரோட்டில் தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்த வாத்தியாரை ஜனங்கள் மறித்தார்கள். சட்டையில் ரத்தம்.

எங்கே போனீர் என்றால் பதில் இல்லை. யார் ரத்தம் என்றால் பதில் இல்லை. சட்டையைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மனித ரத்தம் என்று அறிக்கை வந்துவிட்டது. இனித் தூக்குக் கயிறுதான் பாக்கி என்று ஊரே பேசியது. வாத்தியார் மனைவி கிரேஸ் அக்கா எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து அழுத அழுகையில் ராகேலும் சேர்ந்து அழுதாள்.

வக்கீல் என்னையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் வாத்தியார் தலைகுனிந்து நின்றார்.

"வாத்தியாரே, தூக்குல போட்டுருவான். எங்க போனீருன்னு ஒரு வார்த்தை சொல்லும்."

"கர்த்தருக்குத் தெரியும்."

"கர்த்தரை நான் கூண்டுல ஏத்த முடியாதேவே!"

வாத்தியார் திரும்பி உள்ளே நடந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வக்கீல் சொன்னார்: "இவரு கொலை பண்ணல. வேற என்னமோ பண்ணிருக்காரு. சாவக்கூடத் தயாரா இருக்காரு, அதைச் சொல்ல வெக்கப்படுதாரு."

கோர்ட்டில் மனு போட்டு அந்தச் சட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் பேயடித்த மாதிரி இருந்தார். "குத்துனவன் சட்டையில ரத்தம் தெறிச்சிருக்கும். இது தெறிக்கல. கழுத்துப்பட்டையில இருந்து கீழ வழிஞ்சிருக்கு, அதுவும் இடப்பக்கமா. இது குத்துன கறை இல்லவே. குடிச்ச கறை!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஊர் முழுக்க அந்தச் சட்டையில் கொலையைப் பார்த்தது. இந்த மனுஷன் ஒருவர்தான் அதில் வாயைப் பார்த்தார்!

அந்த ஆச்சரியத்துக்கு விலை நான் கொடுத்தேன். ராகேல் பீட்ரூட்டை வேகவைத்துச் சிவப்புத் தண்ணீர் எடுத்துத் தர, நான் வெள்ளைச் சட்டையோடு மாடியில் நின்று குடிக்க வேண்டும். அண்ணாந்து குடித்தேன், குனிந்து குடித்தேன், ஓடிக்கொண்டே குடித்தேன். எதிலும் அந்தக் கறை வரவில்லை. கடைசியில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்ததால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினேன். ஒரு கை மூக்கில் இருந்ததால் தம்ளர் சாய்ந்து இடது கடைவாயில் வழிந்தது. வக்கீல் துள்ளிக் குதித்தார்.

"இதான்! இதேதான்! மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இந்த ஊர்ல மனுஷன் என்னத்தவே குடிப்பான்?"

படியில் நின்ற ராகேல் சாவகாசமாகச் சொன்னாள்: "விளக்கெண்ணெய். இல்லாட்டி ஆமை ரத்தம்."

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் கரையில் கடலாமை அறுப்பார்கள். மூலத்துக்கு அதன் பச்சை ரத்தம் கைகண்ட மருந்து என்று ஒரு நம்பிக்கை. விடிகாலையில் தம்ளரோடு போய், உறைவதற்குள் குடித்துவிட்டு வர வேண்டும். ரத்தம் பாவம் என்று பிரம்பெடுத்தவர், மூலத்துக்காக ரத்தம் குடித்திருக்கிறார். எதைச் சொல்வார் பாவம்? நோயையா, மருந்தையா?

"இதைக் கோர்ட்டுல நீங்களே சொல்லிருங்க" என்றேன்.

"நான் சொன்னா அது வக்கீல் பேச்சு. அவரு வாயில இருந்து வரணும்" என்றார்.

திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் அன்று உட்கார இடமில்லை. வக்கீல் முதலில் ஏட்டையாவைப் பிடித்தார்.

"செத்தவர் வேட்டிய எதுல வச்சு அனுப்புனீரு?"

"ஓலைப்பெட்டியில அய்யா."

"வாத்தியார் சட்டைய?"

"அதே ஓலைப்பெட்டியிலதான். ரெண்டும் ஒரே கேஸுதானே அய்யா?" என்றார் ஏட்டையா வெள்ளந்தியாக.

"வேட்டி காஞ்சிருந்துச்சா?"

"நம்ம ஊரு உப்புக்காத்துல எது அய்யா காயும்? சொதசொதன்னுதான் இருந்துச்சு."

அரசு வக்கீல் எழுந்து, எப்படி அனுப்பினால் என்ன, மனித ரத்தம் என்று அறிக்கை இருக்கிறதே என்றார். "இருக்கு. செத்தவர் வேட்டியில இருந்து சட்டைக்கு ஒட்டிருக்கு. அதுக்கு முந்தியே சட்டையில இருந்த ரத்தம் யாருதுன்னுதான் கேக்கேன்" என்றார் எங்கள் ஆள். பிறகு பையிலிருந்து ஒரு சொம்பையும் தம்ளரையும் எடுத்தார். பீட்ரூட் தண்ணீர். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"வக்கீல் சார், இது கோர்ட்டா, காபிக் கடையா?"

"ஒரே ஒரு நிமிஷம் யுவர் ஆனர். எங்க கரையில ஒரு மருந்து உண்டு. அதைக் குடிக்கிற விதத்தைக் காட்டுதேன்." கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நின்று, தம்ளரைத் தூக்கி, தேநீர் உறிஞ்சுவது போல ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "இப்படி நின்னு நிதானமா, ருசிச்சு ருசிச்சுக் குடிப்பாவ."

கூண்டில் வாத்தியார் நெளிந்தார். வக்கீல் இன்னொரு வாய் உறிஞ்சினார்.

"நல்லா ஆறவச்சுக் குடிச்சா இன்னும் விசேஷம்…"

"தப்பு!"

கோர்ட் அதிர்ந்தது. கரும்பலகையில் தப்பைக் கண்ட அதே குரல். வாத்தியார் விரலை நீட்டிக்கொண்டு நின்றார். "தப்பு, தப்பு! ஆறவச்சா உறைஞ்சு போவும்! ருசிக்கவா முடியும் அதை? மூக்கை இறுக்கிப் பிடிக்கணும், கண்ணை மூடணும், ஒரே மூச்சுல விழுங்கணும்!"

பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. நீட்டிய விரல் மெதுவாக இறங்கியது.

நீதிபதி கேட்டார்: "எதை விழுங்கணும் வாத்தியாரே?"

"ஆமை ரத்தம், அய்யா."

"எதுக்கு?"

வாத்தியார் ஜனக்கூட்டத்தில் இருந்த கிரேஸ் அக்காவைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "மூலத்துக்கு, அய்யா."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கறை வக்கீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காத மனுஷனைத் திறக்கவைக்க ஆணையும் மிரட்டலும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தப்பை அவர் கண்ணில் காட்டினால் போதும் என்று கண்டுபிடித்தாரே, அது எந்தக் கண்ணாடியில் தெரிந்ததோ!

அதன்பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. தருவைகுளத்தில் ஆமை அறுக்கிறவர் வந்து சாட்சி சொன்னார்: "அன்னைக்கு விடியக்காலம் வந்தாவ. முக்காடு போட்டுத்தான் வருவாவ. பேரு கேட்டா கோவப்படுவாவ." சட்டையை மறுபடி சோதிக்க நீதிபதி உத்தரவிட்டார். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்தார். மனுஷ ரத்தத்தின் சிவப்பணு வட்டமாக இருக்கும், நடுவில் கரு இருக்காது. ஆமையுடையது நீள்வட்டம், கரு உண்டு. கழுத்துப்பட்டைக் கறையில் நீள்வட்டம் நீள்வட்டமாகக் கிடந்தது என்று வந்து சொன்னார். வாத்தியார் விடுதலை. தங்கதுரையைக் குத்தியவன் பின்னால் வேறொரு கேஸில் மாட்டி ஒப்புக்கொண்டான்.

ஆனால் உயிர் தப்பிய வாத்தியாருக்கு வாழ வழி தெரியவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். "எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன்?" என்று சோறும் இறங்கவில்லை. இதற்குத் தூக்கே தேவலை என்று அவர் சொன்னதாகக் கிரேஸ் அக்கா வந்து வக்கீலிடம் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். சிவன் கோயிலுக்கே பொங்கல் நாளைத் தவிர எட்டிப் பார்க்காத மனுஷர், வாத்தியார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் கோயிலுக்குள் வந்தார். முதல் பெஞ்சில் போய் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பின்னால் குசுகுசுப்பு. சின்னச் சிரிப்பு ஒன்றும் கேட்டது.

வக்கீல் எழுந்து திரும்பி நின்றார். முதன்முறையாக ஜனங்களின் சட்டையைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தார்.

"போதகர் அய்யா மன்னிக்கணும். எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எனக்கும் மூலம் உண்டு. நானும் வாராவாரம் தருவைகுளம் போய் ஆமை ரத்தம் குடிக்கேன். வாத்தியாரும் நானும் இனிமே ஒண்ணாத்தான் போவோம். கூட வாரவங்க வரலாம்."

 பிறகு போதகர் ஒன்றும் நடக்காதது போல ஆராதனையைத் தொடங்கினார். வாத்தியார் பாட்டுக்கு எழுந்து நின்றார், பாடினார். ஆராதனை முடிந்ததும் சபையின் பெரிய மனிதர்கள் சிலர் வக்கீலை ஓரமாக அழைத்துப்போய், எந்தக் கிழமை போக வேண்டும் என்று ரகசியமாகக் கேட்டார்கள்.

ஒரே கூரைக்குக் கீழே அத்தனை வருஷம் இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா? அவருக்கு மூலமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மகராசன்!